வயிற்றைக் காட்டி ஆள் பிடித்தார்கள்!
(தாம்பரம் தெருமுனைக் கூட்டத்தில் பேசியது)



நந்தம்பாக்கத்தில் ரோட்டோரம் ஒரு யுத்தக் கல்லறை இருக்கிறது. பஸ்ஸில் தாண்டிப் போகிற நாம் எட்டிப் பார்ப்பதில்லை. இரண்டாம் உலகப் போரில் செத்த 850 பேருக்கு மேல் அங்கே கிடக்கிறார்கள்.

அந்தப் போருக்கு இந்தியப் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள் 25 லட்சம் பேர். கட்டாயம் இல்லை, தானாக வந்தார்கள் என்று வெள்ளைக்காரன் பெருமையடித்தான். தானாகவா வந்தான்? 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது, பர்மா அரிசி நின்றது. சென்னை மாகாணமே அந்த அரிசியை நம்பி இருந்த காலம். விலை ஏறியது. குதிரில் நெல் வைத்திருந்தவன் தப்பித்தான். வாரத்துக்கு உழுதவனும் கூலிக்காரனும் என்ன செய்வான்? சோறு, துணி, வீட்டுக்கு மணியார்டர் என்றதும் மார்பளவு கொடுக்கப் போய் நின்றான்.

மதராஸ்காரனுக்குப் போர்க்குணம் பத்தாது என்று முதல் போருக்குப் பிறகு நம் பட்டாளங்களைக் கலைத்தவனும் இதே வெள்ளைக்காரன்தான். ஆள் பத்தாமல் போனதும் மெட்ராஸ் ரெஜிமெண்டைத் திரும்ப எழுப்பினான். அதுக்குள்ளே நமக்கு வீரம் முளைச்சிடுச்சாம்!

முதல் போர் முடிந்ததும் பல ஊர்களில் கல் பதித்தார்கள். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று. எண்ணிக்கை இருக்கும், பேர் இருக்காது. போனவன் நிலத்தை யார் உழுதது என்பதும் இருக்காது.

இன்றைக்கும் தாம்பரம் விமானப்படைத் தேர்வு மையத்துக்கு நம் பிள்ளைகள் வருகிறார்கள். விடியற்காலை ஏரிக்கரையில் ஓடிப் பழகிய பிள்ளைகள். பட்டாளத்தில் சேர்வதை நாம் குறை சொல்லவில்லை. எல்லையில் நிற்பது நம்ம வீட்டுப் பையன்தான். கேட்பது வேறு. 2022 ஜூன் 14ல் ஒன்றிய அரசு அக்னிபத் திட்டத்தை அறிவித்தது. நாலு வருஷம் வேலை. நூறு பேரில் 25 பேர் வரைக்கும்தான் நீடிக்கலாம். மற்றவர்களுக்குப் பென்ஷன் கிடையாது. கையில் சுமார் 11.71 லட்சம், அதிலும் பாதி அவன் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்த காசு! அப்போதே, 2022 ஜூன் 24ல், சம்யுக்த கிசான் மோர்ச்சா நாடெங்கும் போராட அழைத்தது. விவசாயிக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்டார்கள். நெல்லு கட்டுப்படியானால் பதினேழரை வயசுப் பிள்ளையை இப்படி அனுப்புவோமா?

இருபத்திரண்டு வயசில் திரும்பி வருகிறவன் எங்கே நிற்பான்? வயல் பிளாட்டாகிவிட்டது. அந்த பிளாட்டுக்கே வாட்ச்மேனாகவா?

வருகிற கிராம சபையில் இரண்டு கோரிக்கை வைப்போம். முழுக்கால வேலையும் பென்ஷனும் பழையபடி வேண்டும். நெல்லுக்குக் கட்டுப்படியான விலை வேண்டும். தீர்மானம் நோட்டில் ஏறின பிறகுதான் நாம் கையெழுத்துப் போடணும்.