ஒரு ஹார்மோன் அல்ல, ஒரு குடும்பம்
ஈஸ்ட்ரோஜன் என்றால் ஒரே ஹார்மோன் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது ஒரு குடும்பம். முக்கியமானவர்கள் மூன்று பேர்.

மாதவிலக்கு வரும் வயதில் ஆட்சி ஈஸ்ட்ராடயோலுடையது. சினைப்பையில் சுரந்து, மாதாமாதம் கருப்பையின் உட்சுவரைத் தடிக்க வைக்கும். எலும்பு கரையாமலும் காக்கும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் எட்வர்ட் டாய்சி குழுவினர் 1930களில் இதைப் பிரித்தெடுக்க டன் கணக்கில் பன்றிச் சினைப்பைகளைப் பக்குவப்படுத்தினார்கள். கிடைத்ததோ சில மில்லிகிராம்!

கர்ப்பகாலத்தில் பெருகுவது ஈஸ்ட்ரியோல். நஞ்சுக்கொடி தனியாக இதைச் செய்துவிட முடியாது. மூலப்பொருள் வயிற்றிலிருக்கும் குழந்தையின் அட்ரினல் சுரப்பியிலிருந்தும் கல்லீரலிலிருந்தும் வரவேண்டும். அம்மாவின் ஹார்மோனில் பிள்ளைக்கும் பங்கு, பாருங்களேன்.

மாதவிலக்கு நின்றபின் மிஞ்சுவது ஈஸ்ட்ரோன். பெரும்பாலும் கொழுப்புத் திசுவில் உருவாகும், வீரியம் குறைவு. ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கு உடம்பு திடீரென்று தகிப்பதும், லேசாக வழுக்கி விழுந்தாலே மணிக்கட்டு முறிவதும் ஈஸ்ட்ராடயோல் வற்றிப்போவதால்தான்.

அதற்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை உண்டு. ஆனால் பக்கத்து வீட்டு அக்கா சாப்பிடுகிறாரே என்று கடையில் வாங்கி விழுங்குகிற சமாசாரம் அல்ல. கருப்பை உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனைத் தனியாகக் கொடுத்தால் கருப்பை உட்சுவரில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும். அதனால் புரோஜெஸ்டிரோன் வகை மருந்தையும் சேர்த்தே மருத்துவர் எழுதுவார்.