நானோ ஃபில்டர் வாங்கலாமா? கடன் எழுதும் முன் நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

(செம்மேட்டில் நடந்த கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது. வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



மழையில் நனைந்துகிட்டு, ஊரிலிருந்து மெயின் ரோடு வரை நடந்து, பஸ் பிடிச்சு வந்திருக்கீங்க. அதனால் நேரா விஷயத்துக்கு வர்றேன்.

போன மாதக் கூட்டத்துக்கு ஒரு கம்பெனிக்காரர் வந்தது ஞாபகம் இருக்கும். தண்ணீர் சுத்தம் பண்ற ஃபில்டர் ஒன்றைக் காட்டினார். "இது நானோ டெக்னாலஜி. இனிமே கொதிக்க வைக்கவே வேண்டாம். ஆயுசுக்கும் உழைக்கும்" என்று சொன்னார். விலை 4,800 ரூபாய். இதுவரை 22 பேர் உள்கடனுக்குப் பெயர் கொடுத்திருக்கீங்க. மொத்தம் 1,05,600 ரூபாய். வாரா வாரம் நாம் சேர்த்த சேமிப்புப் பணம் அது. தீர்மானம் எழுதும் முன்னால் கொஞ்சம் பேசலாம் என்று நினைத்தேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன்னால் வேறு ஒரு ஊரில் இதே மாதிரி ஒருத்தர் வந்தார். அவரும் நானோ என்றுதான் சொன்னார். நான் சமூகப்பணி படித்தவள், விஞ்ஞானம் படித்தவள் இல்லை. பெரிய வார்த்தையாக இருந்ததால் கேள்வி கேட்கக் கூச்சப்பட்டேன். "நல்லதுதான், வாங்குங்க" என்று சொல்லிவிட்டேன். எட்டு பேர் கடன் எடுத்து வாங்கினார்கள். ஆறு மாதத்தில் உள்ளே இருக்கிற கேட்ரிட்ஜ் தீர்ந்துபோனது. புதுசு வாங்க நாமக்கல்லில் தேடினோம், கிடைக்கவில்லை. கம்பெனி போன் எடுக்கவில்லை. ஆனால் தண்ணீர் சொட்டிக்கொண்டுதானே இருந்தது? அதையே குடித்தார்கள். ஃபில்டர் இருக்கிறதே என்று கொதிக்க வைப்பதையும் விட்டுவிட்டார்கள். ஐப்பசி மழையில் ஒரு வீட்டில் மூணு வயசுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்து, ராத்திரியோட ராத்திரியா 70 கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். குழந்தை பிழைத்தது. அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அதற்குப் பிறகுதான் இந்த நானோ என்றால் என்ன என்று தேடிப் படித்தேன்.

நானோ என்பது ஒரு அளவு

படி, ஆழாக்கு மாதிரி நானோ என்பதும் ஒரு அளவுதான். ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காகப் போட்டால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். ஒன்றிலிருந்து நூறு நானோமீட்டர் வரை இருக்கிற துகளைத்தான் நானோ துகள் என்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாது. சாதாரண மைக்ராஸ்கோப்பிலும் தெரியாது.

அவ்வளவு சின்னதாக ஆக்குவதில் என்ன லாபம்? நம்ம மலை மிளகையே எடுத்துக்குங்க. ரசத்தில் முழு மிளகைப் போட்டால் காரம் லேசாகத்தான் இறங்கும். அதே மிளகை இடித்துப் போட்டால் நாக்கு சுள்ளென்று இருக்கும். மிளகு அதேதான். இடித்ததால் தண்ணீர் படுகிற பரப்பு கூடியது.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு சென்டிமீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள ஒரு கட்டி. அதன் ஆறு பக்கத்தையும் அளந்தால் 6 சதுர சென்டிமீட்டர், ஒரு தபால் தலை அளவு. அதே கட்டியை ஒரு நானோமீட்டர் துண்டுகளாக வெட்ட முடிந்தால் எல்லாத் துண்டுகளின் பக்கங்களும் சேர்ந்து 6,000 சதுர மீட்டர் வரும். நம்ம கணக்கில் கிட்டத்தட்ட ஒன்றரை ஏக்கர்! அதனால்தான் துளியூண்டு வெள்ளி, நிறைய தண்ணீரில் வேலை செய்கிறது.

இது வெளிநாட்டுச் சரக்கு என்றும் நினைக்க வேண்டாம். கீழடியில் தோண்டி எடுத்த பானை ஓடுகளின் உள்பக்கத்துக் கருப்புப் பூச்சை வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்கள் சோதித்து 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். அந்தப் பூச்சில் கார்பன் நானோ குழாய்கள் இருந்தன. ஓடுகளின் வயது ஏறத்தாழ 2,600 வருடம். செய்தவர்களுக்கு நானோ என்ற பேர் தெரிந்திருக்காது. ஆனால் இத்தனை காலம் மண்ணுக்குள் கிடந்தும் பூச்சு உரியவில்லை.

உமிச் சாம்பலும் வெள்ளியும்

இப்போது ஃபில்டருக்கு வருவோம். நானோ வெள்ளி தண்ணீரைச் சுத்தம் பண்ணும் என்பது பொய் இல்லை. வெள்ளித் துகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிற வெள்ளி, பாக்டீரியா கிருமியின் மேல்தோலைத் தாக்கி அதைக் கொல்லும்.

நம்ம வீட்டில் பாத்திரம் தேய்க்கிற உமிச் சாம்பலை வைத்தே டாடா கம்பெனி ஆராய்ச்சியாளர்கள் தண்ணீர் வடிகட்டி செய்தார்கள். 2004 சுனாமி சமயத்தில் அந்த வடிகட்டி பாதிக்கப்பட்ட மக்களுக்குக் கொடுக்கப்பட்டது. பிறகு அந்தச் சாம்பலில் நானோ வெள்ளியை ஏற்றி, 2009 டிசம்பரில் 'டாடா ஸ்வச்' என்ற பெயரில் ஆயிரம் ரூபாய்க்குள் விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். கரண்ட் வேண்டாம், குழாய்த் தண்ணீரும் வேண்டாம். ஆனால் அவர்களே என்ன சொன்னார்கள் தெரியுமா? 3,000 லிட்டர் வடிந்ததும் உள்ளே இருக்கிறதை மாற்றியே ஆக வேண்டும் என்றார்கள். ஆயுசுக்கும் உழைக்கும் என்று சொல்லவில்லை.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் டி. பிரதீப் குழுவினர், வெள்ளி, தங்க நானோ துகள்கள் தண்ணீரில் கலந்த சில பூச்சிமருந்துகளை நீக்கும் என்று கண்டுபிடித்தார்கள். அது 2007-ல் ஃபில்டராகவே சந்தைக்கு வந்தது. ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு இரண்டரை டாலர், அன்றைய மதிப்பில் 150 ரூபாய்க்குள், கிருமியில்லாத குடிநீர் கொடுக்க முடியும் என்று 2013-ல் ஆய்வுக் கட்டுரையில் எழுதினார்கள். மேற்கு வங்காளத்தில் ஆர்சனிக் என்ற விஷம் கலந்த நிலத்தடி நீரைச் சுத்தம் பண்ணவும் இவர்கள் முறை பயன்படுகிறது. 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

இதில் ஒன்றை கவனிங்க. கிருமிக்கு ஒரு பொருள், பூச்சிமருந்துக்கு ஒரு பொருள், ஆர்சனிக்குக்கு வேறு பொருள். எல்லாமே நானோதான், ஆனால் ஒன்று செய்கிற வேலையை இன்னொன்று செய்யாது. கிருமியைக் கொல்கிற வெள்ளி, தண்ணீரில் கரைந்த உப்பையோ ஃப்ளூரைடையோ எடுக்காது. ஆக, முதலில் நம் ஊற்றுத் தண்ணீரில் என்ன கோளாறு என்று தெரியணும். நோய் தெரியாமல் மாத்திரை வாங்கலாமா?

பாட்டிலில் என்ன இருக்கிறது?

ஒரு அக்கா கேட்டாங்க, "நானோ யூரியான்னு வருதே, அதுவும் இப்படித்தானா?" என்று. நல்ல கேள்வி. 2021-ல் இஃப்கோ நிறுவனம் அதைக் கொண்டு வந்தது. அரை லிட்டர் பாட்டில் ஒரு மூட்டை யூரியாவுக்குச் சமம் என்றார்கள். நாமே கணக்குப் போடலாம். 45 கிலோ மூட்டையில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது 20 கிலோவுக்கு மேல். அப்போது வந்த அரை லிட்டர் பாட்டிலில் 4 சதவீதம் என்றால் சுமார் 20 கிராம். இலையில் தெளிப்பதால் வீணாகாது என்பது அவர்கள் வாதம். ஆனால் பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் இரண்டு வருடம் வயலில் போட்டுப் பார்த்தபோது நெல்லிலும் கோதுமையிலும் மகசூல் குறைந்தது. அதனால் மூட்டையை நிறுத்திவிட்டு பாட்டிலை மட்டும் நம்ப வேண்டாம். போட்டுப் பார்க்கணும்னா, ஒரு வயலில் கொஞ்ச இடத்தில் மட்டும் போட்டு, அறுப்பில் அளந்து பாருங்க.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

யார் வந்து நானோ என்று சொன்னாலும் இந்த ஐந்தையும் கேளுங்க. ஊக்குநர் நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

1. இது தண்ணீரில் இருக்கிற எதை எடுக்கும்? எதை எடுக்காது?
2. எந்த ஆய்வகம் சோதித்தது? அந்தச் சான்றிதழைக் காட்டுங்க.
3. எத்தனை லிட்டருக்கு ஒரு தடவை உள்ளே மாற்றணும்? தீர்ந்துவிட்டது என்று நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது?
4. மாற்றுப் பொருள் என்ன விலை? செம்மேட்டிலோ சோளக்காட்டிலோ கிடைக்குமா?
5. பழையதை எங்கே போடுவது? (வெள்ளி கலந்ததை ஓடையில் எறியக் கூடாது. அது தண்ணீரில் வாழ்கிற உயிர்களுக்கும் கெடுதல்.)

வாயால் சொல்வது போதாது. கம்பெனி லெட்டர்பேடில் எழுதி, கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்க. நாணயமானவர் தருவார். தராதவருக்கு நம்ம பணம் எதற்கு?

மூன்றாவது கேள்விக்கு நீங்களே விடை கண்டுபிடிக்கலாம். ஐந்து பேர் உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு 15 லிட்டர் என்று வைத்தால், 3,000 லிட்டர் 200 நாளில் முடிந்துவிடும். ஏழு மாதம்கூட வராது. அதையும் சேர்த்துத்தான் விலை பேசணும்.

தீர்மானத்துக்கு முன் நாம் செய்ய வேண்டியது

ஜல் ஜீவன் திட்டத்தில் தண்ணீர் சோதிக்கப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, களச் சோதனைப் பெட்டியும் கொடுக்கிறார்கள். உங்கள் பஞ்சாயத்தில் யாரிடம் அது இருக்கிறது என்று கேளுங்க. கிருமி சோதிக்கிற சின்ன பாட்டிலும் உண்டு. ஊற்றுத் தண்ணீரை அதில் பிடித்து மூடி, குளிர் படாத இடத்தில் ஒன்றிரண்டு நாள் வைக்கணும். தண்ணீர் கருப்பாக மாறினால் மலம் கலந்திருக்கிறது, அப்படியே குடிக்கக் கூடாது என்று அர்த்தம். மற்ற சோதனைகளுக்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகம் இருக்கிறது. ஒவ்வொரு ஊற்றிலும் மழைக்காலத்தில் ஒரு தடவை, கோடையில் ஒரு தடவை பார்க்கலாம்.

ஊற்றைச் சுற்றி வேலி போட்டு, மாடு இறங்காமல், துணி துவைக்காமல் பார்த்துக்கொள்வதற்கு 22 கடன் தேவையில்லை. ஒரு நாள் எல்லோரும் கூடினால் போதும்.

அதுவரை, ஏன், ஃபில்டர் வாங்கின பிறகும், சந்தேகம் இருந்தால் கொதிக்க வையுங்க. தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிடம் இருந்தால் கிருமி சாகும். ஆறிய தண்ணீரை மூடி வைத்து, பிடி உள்ள சொம்பில் மொள்ளுங்க. கையை உள்ளே விட வேண்டாம். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் உடனே ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்க. பாலை நிறுத்தாதீங்க. கண் உள்வாங்கினாலோ, துவண்டு போனாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.

ஃபில்டரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விறகு மிச்சமாகும், நேரம் மிச்சமாகும், நல்லது கிடைத்தால் நானே முதல் ஆளாகக் கடன் ஃபாரம் எழுதித் தருவேன். ஆனால் அன்றைக்கு எனக்கு வந்த கூச்சம் உங்களுக்கு வரக் கூடாது. வட்டி ஒரு பைசா பிசகினால் பேங்க் மேனேஜரையே கேள்வி கேட்கிறவங்க நாம். நானோ என்ற ஒரு வார்த்தைக்கா பயப்படுவது?

22 பேரும் அடுத்த கூட்டத்துக்கு ஊற்றுத் தண்ணீர் சோதனை முடிவோடு வாங்க. கம்பெனிக்காரரையும் கூப்பிடுவோம். ஐந்து கேள்விக்கும் அவர் பதில் சொல்லட்டும். அதன் பிறகு தீர்மானம் எழுதுவோம்.