உதிரத்தில் ஒரு சூது

க. விலக்கிலுள்ள நம் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில், சிறுநீரகம் பழுதுற்று டயாலிசிஸ் செய்துகொள்வோரின் இரத்தசோகை நீங்கும்பொருட்டுச் செலுத்தப்படும் எரித்ரோபொய்டின் என்னும் ஊசிமருந்தையே, தேகத்தில் யாதொரு குறையுமற்ற விளையாட்டு வீரர்கள் சிலர், பதக்கத்தின்மேல் கொண்ட மோகத்தால், ரகசியமாக ஏற்றிக்கொள்கிறார்கள் என்பது என் மனத்தை மிகவும் வருத்தும் விஷயம்.

பிராணவாயுவைத் தசைகளுக்குச் சுமந்து செல்பவை இம்மருந்து பெருக்கும் சிவப்பணுக்களாதலால், அவை பெருகப் பெருகக் களைப்பு தாமதிக்கும். நம் மேகமலையினும் உயர்ந்த உதகை போன்ற ஸ்தலங்களில் வாரக்கணக்கில் தங்கிப் பயில்வோருக்கு இயற்கையே இதனை அளவறிந்து செய்து தருகிறது.

ஊசிக்கு அந்த அளவு தெரியாது. ஆடவர் இரத்தத்தில் நூற்றுக்கு 40 முதல் 50 பங்குவரை இருக்கவேண்டிய சிவப்பணுக்கள் 60 பங்கை நெருங்குகையில், உதிரம் ஆறிய கம்பங்கூழ் போலத் தடித்துவிடுகிறது. வெயிலில் ஓடி வியர்வை வற்றினால் இன்னும் தடிக்கிறது. நாடி தணியும் நித்திரை வேளையில், இருதயத்திலோ மூளையிலோ உறைந்து, இளம் பிராணனையே கொண்டுபோய்விடவும் கூடும்.

1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க சைக்கிள் வீரர்கள் சிலர் இதே பலனுக்காகப் பிறர் இரத்தத்தையே ஏற்றிக்கொண்டபோது அதைத் தடுக்க விதியே இருக்கவில்லை. 2012இலோ, இத்தகைய சூதுக்காகச் சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் வென்ற ஏழு டூர் டி பிரான்ஸ் பட்டங்களும் பறிக்கப்பட்டன.