எடிசன் கதையும் லாட்டிமர் கதையும்
(மாணவர்களுக்கான வாசிப்பு முகாம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஒரு விஞ்ஞானியோட இளமைக் காலம் பத்திப் பேசணும்னு கேட்டிருந்தாங்க. யாரைப் பத்தின்னு சொல்லலை. எடிசனைப் பத்தித்தான் பேசுவேன்னு எதிர்பார்த்திருப்பீங்க. பள்ளிக்கூடத்துல இருந்து நமக்குச் சொல்லப்படுகிற கதை அது. மக்குன்னு விரட்டப்பட்ட பையன், தன் முயற்சியால உலகத்துக்கே வெளிச்சம் கொடுத்தான். அந்தக் கதையை முதல்ல கொஞ்சம் பிரிச்சுப் பார்க்கலாம். அதுக்கப்புறம், அவரோட சம காலத்தில் அதே நாட்டில் வளர்ந்த இன்னொரு பையனைப் பார்க்கலாம். அவன் பெயர் லூயிஸ் ஹோவர்ட் லாட்டிமர். அடிமையாக இருந்து தப்பி வந்தவர்களின் பிள்ளை.

எடிசன் 1847 பிப்ரவரியில் ஓஹையோ மாநிலத்தின் மிலன் என்கிற ஊரில் பிறந்தார். பள்ளிக்கூடத்தில் அவர் உட்கார்ந்தது சில மாதங்கள்தான். மூளை குழம்பியவன் என்று வாத்தியார் சொன்னதைக் கேட்டு அழுதுகொண்டே வீட்டுக்குப் போனதாகவும், அம்மா பள்ளிக்கூடத்துக்கே போய்ச் சண்டை போட்டுவிட்டுப் பிள்ளையைக் கூட்டி வந்துவிட்டதாகவும் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். இப்ப ஊரெல்லாம் சொல்ற, அம்மா மறைச்சு வெச்ச கடிதம், அவங்க செத்த பிறகு அதைப் பிரிச்சுப் படிச்சுப் பிள்ளை அழுதது என்கிற கதை யாரோ கட்டிவிட்டது. அதை விட்டுடுங்க.

கட்டாத கதையிலேயே கவனிக்க வேண்டியது இருக்கு. எடிசனின் அம்மா நான்சி, கல்யாணத்துக்கு முன்னால் ஆசிரியையாக இருந்தவர். வீட்டில் புத்தகம் இருந்தது. பத்து வயதை ஒட்டிய பையன் ரசாயன பாட்டில்களை அடுக்கி வைக்க வீட்டுக்கு அடியில் ஒரு நிலவறை இருந்தது. 1859-ல், 12 வயதில், போர்ட் ஹ்யூரனுக்கும் டெட்ராய்ட்டுக்கும் இடையே ஓடிய ரயிலில் பேப்பரும் தின்பண்டமும் விற்கிற வேலை கிடைத்தது. சரக்குப் பெட்டியின் ஒரு மூலையில் தன் சோதனைச் சாலையை வைத்துக்கொள்ள விட்டார்கள். டெட்ராய்ட்டில் வண்டி நிற்கிற நேரத்தில் நூலகம் போய்ப் படித்தார். 1862-ல் ஒரு ஸ்டேஷன் மாஸ்டரின் குழந்தையைத் தண்டவாளத்தில் இருந்து காப்பாற்றினார். நன்றிக்கு அந்த மனிதர் தந்தி அடிக்கக் கற்றுக் கொடுத்தார். இதெல்லாம் உண்மை. அவர் உழைப்பும் உண்மை, ராத்திரி பகல் பார்க்காமல் படித்ததும் உண்மை. நான் எடிசனைச் சின்னவராக்க வரலை. ஆனால் தானே கற்றான் என்கிற ஒரு வார்த்தைக்குள்ளே அம்மா, வீடு, நூலகம், ஸ்டேஷன் மாஸ்டர்னு இத்தனை கதவுகள் திறந்து கிடந்திருக்கு. கதை சொல்கிறவர்கள் கதவுகளை மறைத்துவிட்டு மூளையை மட்டும் காட்டுகிறார்கள். தகுதி, திறமை என்று நம் முகத்துக்கு நேராகப் பேசுகிறவர்களும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள்.

இப்ப லாட்டிமர் கதைக்கு வருவோம். அது அவர் பிறக்கும் முன்பே தொடங்குகிறது.

அவர் அப்பா ஜார்ஜும் அம்மா ரெபெக்காவும் வர்ஜீனியா மாநிலத்தின் நார்ஃபோக்கில் அடிமைகள். அந்த மாநிலம் 1831-லேயே கறுப்பின மக்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கக் கூடும் கூட்டங்களைச் சட்டவிரோதம் என்று அறிவித்திருந்தது. படிக்காதேன்னு சட்டம் போட்டு வெச்சிட்டு, அப்புறம் இவனுக்குப் படிப்பு வராதுன்னு சொல்றது எந்த நாட்டு வழக்கம்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1842 அக்டோபரில் இருவரும் கப்பலில் ஒளிந்து தப்பினார்கள். அப்போது ரெபெக்கா கர்ப்பிணி. அப்பா நிறம் வெளுத்தவர். அதனால் வழியில் அவர் வெள்ளைக்கார எஜமான் போலவும் அவர் மனைவி வேலைக்காரி போலவும் நடித்துப் போஸ்டன் வந்து சேர்ந்தார்கள். வந்த சில நாட்களிலேயே ஒருவன் அடையாளம் கண்டுகொண்டான். ஜார்ஜ் பிடிபட்டுச் சிறைக்குப் போனார்.

போஸ்டன் கொதித்தது. கறுப்பின மக்கள் நீதிமன்றத்துக்கு வெளியே திரண்டார்கள். வில்லியம் லாய்ட் கேரிசன், தானே அடிமைத்தளையில் இருந்து தப்பி வந்த ஃப்ரெடரிக் டக்ளஸ் போன்றவர்கள் அவருக்காகப் பேசினார்கள், எழுதினார்கள். இந்த ஒரு வழக்குக்காகவே ஒரு பத்திரிகை நடத்தப்பட்டது. நம்மை மாதிரிச் சிறு பத்திரிகை நடத்துகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். நவம்பரில் 400 டாலர் கொடுத்து அவரை விடுவித்தார்கள். அதோடு நிற்கவில்லை. 60,000-க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்ட மனு மாசசூசெட்ஸ் சட்டமன்றத்துக்குப் போனது. தப்பி வந்த அடிமைகளைப் பிடிக்க மாநில அதிகாரிகள் உதவக் கூடாது, மாநிலச் சிறைகளைப் பயன்படுத்தக் கூடாது என்று 1843-ல் சட்டம் வந்தது. அதை லாட்டிமர் சட்டம் என்றே மக்கள் அழைத்தார்கள்.

லூயிஸ் 1848 செப்டம்பர் 4-ஆம் தேதி போஸ்டனுக்கு அருகில் செல்சீயில் பிறந்தார். எடிசனைவிட ஒன்றரை வயது இளையவர். அந்தக் குழந்தையைப் பிறந்தவுடனே யாரும் உரிமை கொண்டாடி இழுத்துப் போக முடியவில்லை என்றால், அதற்குப் பின்னால் அத்தனை ஆயிரம் கையெழுத்துகள் இருந்தன. அவருக்கு முதல் கதவைத் திறந்தது ஓர் இயக்கம்.

பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்த பையன். வாசிப்பதிலும் வரைவதிலும் ஆசை. ஆனால் 1857-ல் ட்ரெட் ஸ்காட் வழக்கில், அடிமைகளின் வம்சத்தில் வந்த கறுப்பர் எவரும் அமெரிக்கக் குடிமகனாக முடியாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு அடுத்த ஆண்டு வாக்கில் அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார். குடும்பம் சிதறியது. பத்து வயதில் லூயிஸின் படிப்பு நின்றது. எடிசன் பள்ளியை விட்டதற்கும் இவர் விட்டதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்க. அவரைப் பள்ளியில் இருந்து எடுத்து வந்தது ஒரு தாய். இவரை வெளியே தள்ளியது வறுமையும் ஒரு நாட்டின் சட்டமும்.

உள்நாட்டுப் போர் வந்தது. 1864 செப்டம்பரில், 16 வயது நிறைந்த சில நாட்களிலேயே, கடற்படையில் சேர்ந்து மாசசாய்ட் என்கிற கப்பலில் வேலை செய்தார். 1865 ஜூலையில் விடுவிக்கப்பட்டுப் போஸ்டன் திரும்பினார். கையில் தொழில் இல்லை. வேலை தேடி அலைந்தார். காப்புரிமை வழக்கறிஞர்களின் அலுவலகம் ஒன்றைச் சுத்தம் செய்துகொண்டிருந்த ஒரு கறுப்பினப் பெண்ணிடம், வரைவதில் ஆசையுள்ள பையன் யாராவது இருந்தால் சொல்லு என்று கேட்டிருந்தார்கள். அவர்தான் இவரைச் சொல்லிவிட்டார். கதை சொல்கிறவர்கள் இந்தப் பெண்ணை ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். லாட்டிமருக்கு இரண்டாவது கதவைத் திறந்தவர் அவர்.

க்ராஸ்பி அண்ட் கோல்ட் என்கிற அந்த அலுவலகத்தில் அவருக்கு எடுபிடி வேலை. வாரம் 3 டாலர் சம்பளம். ஒவ்வொரு காப்புரிமை விண்ணப்பத்தோடும் அந்தக் கருவியின் வரைபடம் போக வேண்டும். அதை வரைகிற வரைவாளர்கள் அங்கே இருந்தார்கள். இந்தப் பையன் அவர்கள் பின்னால் நின்று பார்த்தான். எந்தக் கருவியை எப்படிப் பிடிக்கிறார்கள், எந்தக் கோட்டை முதலில் போடுகிறார்கள் என்று பார்த்தான். சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பழைய கருவிப் பெட்டி ஒன்று வாங்கினான். புத்தகம் தேடிப் பிடித்தான். பகலில் பார்த்ததை ராத்திரி வீட்டில் போட்டுப் பார்த்தான்.

இதை நான் கொஞ்சம் நெருக்கமாகவே சொல்ல முடியும். நான் ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் படிச்சவன். டி-ஸ்கொயரைப் போர்டு ஓரத்தில் ஒட்டிப் பிடிச்சு, செட் ஸ்கொயரை அதன்மேல் நகர்த்தி ஒரு நேர்கோடு போடுவது பார்க்க ஒண்ணுமில்லாத வேலை. இங்க் பேனாவில் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். மை கொஞ்சம் கூடினால் கோட்டுக்கு அடியில் வழிந்து முழு ஷீட்டும் போச்சு. நான் முதலில் வேலைக்குப் போன இடத்தில் ஆறு மாதம் அமோனியா பிரிண்ட் எடுக்கத்தான் விட்டாங்க. போர்டுல கை வைக்க விடலை. என்கூடச் சேர்ந்த இன்னொருத்தன் முதல் வாரமே போர்டுல உட்கார்ந்தான். அவனுக்கும் அதே சான்றிதழ்தான். காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லலை. நம்ம ஆளுங்களுக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை. கருவியைத் தொட விடாமலே, இவனுக்கு வேலை தெரியாதுன்னு ஒருத்தனை ஆக்கிவிட முடியும். அதனால்தான் லாட்டிமர் அந்தப் பழைய கருவிப் பெட்டியை வாங்கியதை நான் பெரிய காரியமாக நினைக்கிறேன். அவர் அனுமதிக்குக் காத்திருக்காமல் முதலில் கையைப் பழக்கினார். அப்புறம்தான் போய்க் கேட்டார்.

கேட்டபோது சிரித்தார்கள். ஒரு படம் வரைய விடுங்கள் என்று மறுபடி கேட்டார். வரைந்து காட்டினார். சிரிப்பு நின்றது. படிப்படியாக வரைவாளரானார், பிறகு தலைமை வரைவாளரானார். 1872 வாக்கில் சம்பளம் வாரம் 20 டாலர். 1876-ல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை கேட்டபோது, அந்த விண்ணப்பத்துக்கான வேலையில் மாலை நேரங்களில் அவரோடு உட்கார்ந்ததாக லாட்டிமரே எழுதியிருக்கிறார்.

அவருடைய சொந்த முதல் காப்புரிமை 1874 பிப்ரவரி 10-ஆம் தேதி, சார்லஸ் பிரவுன் என்பவரோடு சேர்ந்து பெற்றது. எதற்கு என்று நினைக்கிறீர்கள்? ரயில் பெட்டிக் கழிப்பிடத்தை மேம்படுத்துவதற்கு! நம்ம நாட்டுத் தண்டவாளங்களில் தலைமுறை தலைமுறையாக மலத்தை அள்ள விடப்பட்டவர்கள் யார் என்பதை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால், அந்தத் தேதி மனதில் நிற்கும்.

1880-ல் எடிசனின் போட்டியாளரான ஹைரம் மாக்சிமின் நிறுவனத்தில் சேர்ந்தார். அப்போதைய மின்விளக்குகளின் உயிர் அந்தக் கார்பன் இழைதான். காகிதத்தையோ மூங்கிலையோ இழையாக வெட்டிக் காற்றில்லாமல் சுட்டுக் கரியாக்க வேண்டும். சுடும்போது இழை சுருங்கி முறுக்கிக்கொள்ளும், உடையும். லாட்டிமர் இழைகளை அட்டை உறைகளுக்குள் வைத்துச் சுட்டார். உறையும் இழையும் ஒரே அளவில் சுருங்குவதால் இழை கோணாமல் வந்தது. 1882 ஜனவரி 17-ல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. நியூயார்க், பிலடெல்பியா, மான்ட்ரியல் நகரங்களில் விளக்கு போடும் வேலையை மேற்பார்த்தார். மான்ட்ரியல் தொழிலாளர்களிடம் வேலை வாங்க அவர்கள் மொழியான பிரெஞ்சையும் கற்றுக்கொண்டார். 1884-ல் எடிசன் நிறுவனத்துக்கு வந்தார். பிறகு காப்புரிமை வழக்குகளில் அந்த நிறுவனத்துக்காகச் சாட்சி சொன்ன நிபுணர் அவர். எடிசனின் விளக்கு முறையை விளக்கி 1890-ல் ஒரு நூலும் வெளியிட்டார். 1918-ல் எடிசனோடு வேலை செய்த பழையவர்கள் அமைப்பு தொடங்கியபோது, தொடக்க உறுப்பினர்கள் 28 பேரில் கறுப்பர் இவர் ஒருவர்தான்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லணும். பல்பைக் கண்டுபிடித்ததே லாட்டிமர்தான், எடிசன் திருடிக்கொண்டார் என்று சிலர் ஆர்வத்தில் சொல்கிறார்கள். அது சரியில்லை. நமக்கு அது தேவையும் இல்லை. அவர்கள் ஒற்றை மேதையின் கதை கட்டினால், பதிலுக்கு நாமும் ஒரு கறுப்பு மேதையைக் கட்டுவது விடுதலை ஆகாது. மின்விளக்கு பலர் கைபட்டு வந்த பொருள். அந்தக் கைகளில் ஒன்று, படிக்கவே கூடாது என்று சட்டம் போடப்பட்ட மக்களின் கை. உண்மை இவ்வளவுதான். இதுவே பெரிசு.

இந்த வரலாறு நமக்கு அந்நியமும் இல்லை. லாட்டிமர் போஸ்டனில் வரைபலகை முன்னால் உட்கார்ந்திருந்த 1873-ல்தான் மகாத்மா பூலே குலாம்கிரி நூலை வெளியிட்டார். கறுப்பின அடிமைகளின் விடுதலைக்குப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த நாட்களில், அதே நியூயார்க் நகரத்தின் ஃப்ளஷிங் பகுதியில் லாட்டிமர் குடியிருந்தார். இருவரும் சந்தித்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அடிமைத்தனத்தில் இருந்து மீண்ட ஒரு தலைமுறையும் தீண்டாமையில் இருந்து மீளப் போராடிய ஒரு தலைமுறையும் ஒரே ஊரின் காற்றை மூச்சு வாங்கியிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

லாட்டிமர் 1928 டிசம்பர் 11-ல் இறந்தார். அவர் வாழ்க்கையில் நான் மிக உயர்வாக வைப்பது காப்புரிமைகளை அல்ல. 1906-ல் நியூயார்க்கின் ஹென்றி ஸ்ட்ரீட் குடியிருப்பு மையத்தில், புதிதாக வந்து இறங்கிய ஏழைத் தொழிலாளர்களுக்கு அவர் ஆங்கிலமும் இயந்திர வரைபடமும் கற்றுக் கொடுத்தார். ஐரோப்பாவில் இருந்து வந்தவர்கள். யாரும் சொல்லித் தராமல், பின்னால் நின்று பார்த்துத் தொழிலைப் பிடித்த மனிதர், அந்தத் தொழிலை மேசை போட்டு மற்றவர்களுக்குத் திறந்துவிட்டார்.

மாணவத் தோழர்களே, உங்களில் பலர் உங்க தெருவில் இருந்து கல்லூரி வந்த முதல் ஆள். கஷ்டப்பட்டு நீயாப் படிச்சு வந்தேன்னு உங்களைப் பாராட்டுவாங்க. உங்க கஷ்டம் பொய்யில்லை. ஆனால் அந்தப் பாராட்டுக்குள்ளே, உனக்கும் உன் தெருவுக்கும் இனி சம்பந்தமில்லை என்கிற சேதியும் இருக்கு. உங்க விடுதியும் உதவித்தொகையும் இடஒதுக்கீடும் யாரோ போட்ட கையெழுத்து, யாரோ வாங்கிய அடி. கம்ப்யூட்டரோ, கணக்கோ, சட்டமோ, வயரிங்கோ, உங்க கைக்கு எது வந்திருக்கோ அதை வாரத்தில் ஒரு சாயங்காலம் தெருவுக்கு எடுத்துட்டுப் போங்க. கருவியைச் சின்னப் பிள்ளைங்க கையில் கொடுங்க. கெட்டுப் போகும்னு பயப்படாதீங்க. ஷீட் போனால் இன்னொரு ஷீட் வாங்கிக்கலாம்.

ஜெய்பீம்.