குறைந்ததா, குறைத்தார்களா?

கடலூர் முதுநகரிலிருந்து பரங்கிப்பேட்டை வரை கரையோரம் அடிக்கடி காதில் விழும் பேச்சு, "மீன் குறைஞ்சு போச்சு" என்பது. குறைந்தது என்றால் யாருக்கும் பழியில்லை. அந்த 'ந்' இருக்கும் இடத்தில் 'த்' வந்து குறைத்தார்கள் என்றாகிவிட்டால், உடனே ஒரு ஆள் வேண்டும். எப்போது அப்படிச் சொல்லலாம்? 1988இல் நுவெல் பெல்னாப், மைக்கேல் பெர்லாஃப் என்ற இரண்டு தத்துவ அறிஞர்கள் இதற்கென்றே ஒரு தர்க்கம் வகுத்தார்கள். மற்றவர் என்ன செய்தாலும் சரி, என் தேர்வே விளைவை உறுதியாக்க வேண்டும். அந்த விளைவு நேராமல் போகவும் வழி இருந்திருக்க வேண்டும். அப்போதுதான் அது என் செயல்.

இந்த அளவுகோலைச் சுருக்குமடி வலைக்கு வைத்துப் பாருங்கள். மீன் கூட்டத்தைச் சுற்றி வலையை விட்டு, பாட்டியின் சுருக்குப்பையை இழுப்பதுபோல் அடிக்கயிற்றை இழுத்தால் கூட்டம் மொத்தமும் உள்ளே. 2000இல் தமிழக அரசு இதைத் தடை செய்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று இடைக்கால அனுமதி தந்தது. "நான் ஒருத்தன் நிறுத்தினா கடல் நிறைஞ்சிடுமா?" என்று ஒரு படகுக்காரர் கேட்டால், தர்க்கப்படி அவர் கேட்பது சரி. மற்றவர் வலை வீசினால் இவர் நிறுத்துவது நட்டம். மற்றவர் நிறுத்தினால் இவர் வீசுவது கொள்ளை லாபம். எப்படிப் பார்த்தாலும் வீசத்தான் தோன்றும். எல்லாரும் ஏன் வீசுகிறார்கள் என்பதை விளையாட்டுக் கோட்பாடு காட்டுகிறது. அவர்களில் ஒருவரும் தனியாகக் 'குறைத்தவர்' இல்லை என்பதைச் செயல் தர்க்கம் காட்டுகிறது. ஆனால் அதே அளவுகோலைப் படகுக்காரர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து வைத்தால் விடை மாறுகிறது. கூடினால் அவர்களால் நிறுத்த முடியும். குறைத்தது அந்தக் கூட்டம்தான்.

அப்படியானால் தனி ஆள் தப்பித்துவிடுகிறாரே என்பீர்கள். இல்லை, வலை வீசியதற்கான கேள்வி, கூடிப் பேச ஏன் வரவில்லை என்ற கேள்வியாக மாறி அவரிடமே திரும்பி வருகிறது. சட்டம் போதாதா என்றும் கேட்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும் சட்டம்தான். அப்போது விசைப்படகு துறையில் கட்டிக் கிடக்கிறது. பக்கத்துப் படகு போகவில்லை என்று கண்ணால் பார்த்துத்தான் நம் படகும் நிற்கிறது. 12 கடல் மைலுக்கு அப்பால் யார் கண் போகும்? ஒருவரை ஒருவர் பார்க்கும்படி ஏற்பாடு செய்தால் உண்டு. துருக்கியின் அலன்யா மீனவர்கள் சீட்டுக் குலுக்கி வலை போடும் இடங்களைப் பிரித்து, நாள்தோறும் இடம் மாறிக்கொண்டதை ஆய்வாளர் எலினோர் ஆஸ்ட்ரம் 1990இல் எழுதினார். அங்கே காவலுக்குத் தனி ஆள் தேவைப்படவில்லை. தன் முறைக்கு வந்தவரே காவல். என் கணிப்பில், நம் கரையில் காவலைவிடக் கடினமான சிக்கல் வேறு. சுருக்குமடி வலை இல்லாத ஃபைபர் படகுக்காரருக்கு இந்த ஆட்டத்தில் தேர்வே இல்லை, விளைவு மட்டும் உண்டு. கூடிப் பேச ஊர்ப் பஞ்சாயத்து இருக்கிறதே என்றால், தேவனாம்பட்டினத்தில் போட்ட கட்டுப்பாடு சாமியார்பேட்டைப் படகைக் கட்டாது. மத்திக் கூட்டமோ இரண்டு ஊருக்கும் பொது.