எண்ணும் பணமும் எண்ணும் மனமும்



மொழியியலைத் தொழிலாகக் கொண்டோர் பணத்தைப் பற்றிப் பேச முன்வருவது சிலர்க்கு வியப்பளிக்கலாம். ஆயினும் தமிழில் ‘எண்ணுதல்’ என்னும் ஒரே வினை இரு செயல்களைக் குறிக்கிறது. காசை ஒவ்வொன்றாகக் கணக்கிடுவதும் எண்ணுதலே. மனத்துள் ஒன்றை நினைப்பதும் எண்ணுதலே. பணத்தை நாம் எத்தனை முறை எண்ணுகிறோம் என்று கேட்டால் அது கையைப் பற்றிய கேள்வியா, மனத்தைப் பற்றிய கேள்வியா என்று உடனே சொல்லிவிட முடியாது. இன்றைய உரையின் பொருள் இந்த இரண்டாம் எண்ணுதலே. ஒருவர் தம் வரவு செலவைப் பற்றி ஒரு நாளில் எத்தனை முறை நினைக்கிறார்? எப்போது நினைக்கிறார்? அந்த நினைப்பு அவரிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது? இவற்றை நம் சொற்களின் துணைகொண்டு காண முயல்வோம்.

பணத்தை அடிக்கடி நினைப்பவரைப் பேராசைக்காரர் என்றும், நினையாதவரைப் பெருந்தன்மையாளர் என்றும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. இப்பிரிவினை பிழையானது. பணநினைவு ஒருவரின் குணத்தைவிட அவர் வீட்டு நாட்காட்டியையே பெரிதும் சார்ந்தது. கடனைக் குறித்த நம் சொற்களில் காலத்தைக் காட்டுவன மிகுதியாக இருப்பதை நோக்குக: கெடு, தவணை, வாயிதா, நிலுவை. இவற்றுள் ‘தவணை’ மலேசிய ஆசிரியர்க்குப் பள்ளித் தவணையாகவும் பழகிய சொல். மாணவர்க்கு அது தேர்வையும் விடுமுறையையும் நினைவூட்டும். பெற்றோர்க்கு மாதந்தோறும் கட்டவேண்டிய தொகையை நினைவூட்டும். சம்பளம் வந்த முதல் வாரத்தில் வீட்டில் பேசப்படாத பணம், மாதத்தின் கடைசி வாரத்தில் ஒவ்வொரு பேச்சிலும் நுழைந்துவிடுகிறது. மனிதர் அவரே, நாள்தான் மாறியிருக்கிறது.

இதனை ஆய்வுமுறையில் சோதித்துப் பார்த்த இடம் தமிழ்நாடு என்பது பலர் அறியாத செய்தி. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 ஊர்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகிய நால்வர் ஆராய்ந்தனர். அதன் முடிவுகள் 2013 ஆகஸ்டில் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்தன. கரும்பு விவசாயிக்குப் பெருந்தொகை கைக்கு வருவது அறுவடைக்குப் பின்னரே. ஆகவே ஒரே மனிதர் அறுவடைக்கு முன் வறியவராகவும் பின் ஓரளவு வசதியுள்ளவராகவும் இருக்கிறார். அறுவடைக்கு முன் இவர்களுள் 99 விழுக்காட்டினர்க்குக் கடன் இருந்தது. பின்னர் அது 13 விழுக்காடாயிற்று. பொருள்களை அடகு வைத்திருந்தோர் 78 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காட்டிற்குக் குறைந்தனர்.

இரு காலத்திலும் அவர்களுக்குச் சில அறிவுச் சோதனைகள் தரப்பட்டன. ஒன்று, வடிவங்களின் வரிசையில் விடுபட்டதைக் கண்டுபிடிப்பது. மற்றொன்று, ஓரிலக்கத்தைத் திரும்பத் திரும்ப எழுதிக் காட்டி, அது எத்தனை முறை வந்துள்ளது என்று கேட்பது. மூன்று ஐந்துகளைக் கண்டவர் ‘மூன்று’ எனச் சொல்ல வேண்டும். ‘ஐந்து’ என்று நாவில் வருவதை அடக்க வேண்டும். அறுவடைக்கு முன் அதே மனிதர்கள் மெதுவாக விடையளித்தனர். மிகுதியாகப் பிழை செய்தனர். அறுவடைக்குப் பின் தெளிவு பெற்றனர். ஆலைகள் வெட்டு நாள்களைப் பல மாதங்களுக்குப் பகிர்ந்து அளித்தமையால், பருவநிலையோ பண்டிகையோ இதற்குக் காரணம் என்று எளிதிற் சொல்ல முடியவில்லை. ஓயாத பணநினைவே மனத்தின் இடத்தை அடைத்துக்கொள்கிறது என்று அவ்வாய்வாளர்கள் கருதினர். இதற்கு மறுப்பும் உண்டு. அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் செய்யப்பட்டு 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அறிவுச் சோதனைகளில் அத்தகைய வேறுபாட்டைக் காணவில்லை. ஆண்டு முழுதும் காத்திருந்து பெறும் அறுவடைப் பணமும் மாதந்தோறும் வரும் சம்பளமும் ஒன்றல்ல. எனவே இம்முடிவை எல்லார்க்கும் பொது விதியாகக் கொள்ளாமல், கவனத்திற்குரிய குறிப்பாகக் கொள்வதே முறை.

இக்குறிப்பைத் தமிழ்ச் சொல் ஒன்று நெடுங்காலமாகத் தன்னுள் வைத்திருக்கிறது. அச்சொல் ‘கவலை’. சங்கப் பாடல்களில் ‘கவலை’ என்பது கிளைத்துப் பிரியும் வழியையும் குறிக்கும். எவ்வழி செல்வதென்று தெளியாமல் வழிப்போக்கர் நிற்கும் இடம் அது. ஊர்ப்புறத்தில் எருதுகளைப் பூட்டிக் கிணற்றுநீர் இறைக்கும் அமைப்பையும் ‘கவலை’ என்பர். எருது முன்னே நடக்கும், பின்னே வரும், மீண்டும் முன்னே நடக்கும். நாள் முழுதும் நடந்தும் அது கிணற்றடியை விட்டு நீங்குவதில்லை. இவையெல்லாம் ஒரே வேரின என்று வற்புறுத்த வேண்டுவதில்லை. ஒரே வடிவில் வழங்கும் வெவ்வேறு சொற்களாகவும் இருக்கலாம். ஆயினும் பணக்கவலையை விளக்க இவ்விரு படங்களும் நன்கு உதவுகின்றன: பிளவுபட்ட வழி, திரும்பத் திரும்ப வரும் நடை.

திருவள்ளுவர் வரவையும் செலவையும் வழிகளாகவே கண்டார். 478ஆம் குறளில் வருவாய்க்கு ‘ஆகாறு’ என்றும் செலவுக்குப் ‘போகாறு’ என்றும் அவர் ஆளும் சொற்களில் ‘ஆறு’ என்பது வழியே. வரும் வழி சிறிதாயினும் போகும் வழி விரியாதிருப்பின் கேடில்லை என்பது அதன் கருத்து. ‘நல்குரவு’ அதிகாரத்திலோ அவர் வறுமையை நாள்கணக்கிலும் இரவுக்கணக்கிலும் அளக்கிறார். நேற்று வாட்டிய வறுமை இன்றும் வந்துவிடுமோ என்னும் அச்சத்தை 1048ஆம் குறள் சொல்கிறது. நெருப்பிடைத் துயிலினும் வறுமையிடைத் துயில்வது அரிது என்பதை 1049ஆம் குறள் சொல்கிறது. வறுமையின் துன்பம் உணவின்மையோடு முடிவதில்லை. அது நினைப்பாகத் திரும்பி வந்து உறக்கத்தையும் கவர்ந்துகொள்ளும் என்பதை அவர் தெளிவாக அறிந்திருந்தார்.

இனி, இத்தனை முறை நினைக்கப்படும் ஒன்று ஏன் இத்துணை அரிதாகப் பேசப்படுகிறது என்பதைக் காண்போம். இதற்கு விடை ‘கடன்’ என்னும் சொல்லிலேயே உள்ளது. பழந்தமிழில் அதன் முதன்மைப் பொருள் செய்யவேண்டிய முறைமை. புறநானூற்றின் 312ஆம் பாடலில் பொன்முடியார் தாய், தந்தை, கொல்லன், வேந்தன் ஆகியோர்க்குரிய கடமைகளைக் ‘கடன்’ என்றே வரிசைப்படுத்துகிறார். காலைக்கடன், நேர்த்திக்கடன், நன்றிக்கடன் என்று இன்றும் நாம் வழங்கும் தொடர்கள் அப்பொருளின் எச்சங்கள். வாங்கிய பணத்திற்கும் அதே சொல் அமைந்துவிட்டமையால், திருப்பித் தர இயலாதவர் பணத்தில் மட்டுமன்றி அறத்திலும் தவறியவராகத் தம்மையே எண்ணிக் கூசுகிறார். மறுபுறம், ஜாமீன், ஜப்தி, பாக்கி, வாயிதா போன்றவை அரபு, பாரசீக மொழிகளின் வழி நிருவாகத்தோடு வந்தவை. வழக்குமன்றத்தின் கடன் அயற்சொல்லில் நடக்கிறது. வீட்டின் கடன், மானம், கவலை, கைமாற்று ஆகியவை தமிழில் நடக்கின்றன. முன்னதை உரக்கப் பேசுவோம், பின்னதை மறைப்போம்.

இம்மறைப்பிற்குப் பினாங்கில் நீண்ட வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில், இன்று செபராங் பிறை எனப்படும் வெல்லெஸ்லி மாநிலத்தின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் வந்தனர். கப்பலேறும்போதே அவர்கள் கடனாளிகள். பயணச் செலவு அவர்கள் கணக்கில் ஏறியது. கூலியிலிருந்து அது கழிக்கப்பட்டது. 1910இல் இந்தியத் தொழிலாளரை ஒப்பந்தத்தில் கொணரும் முறை நிறுத்தப்பட்டது. முறை போயிற்று, முன்பணம் வாங்கி உழைப்பில் கழிக்கும் வழக்கமோ எளிதில் போகவில்லை.

அதே ஜார்ஜ் டவுனில் பினாங்கு வீதியின் கிட்டங்கிகளில் நகரத்தார் கடன் கொடுக்கும் தொழிலை நடத்தினர். ஒரே தமிழ்ச் சமூகத்தில் கடன் கொடுத்தாரும் கடன் பட்டாரும் இருந்தனர் என்பதை மலாய் மொழி இன்றும் நினைவிற் கொண்டிருக்கிறது. வட்டிக்குக் கொடுப்பவர் அம்மொழியில் ‘செத்தி’. அது நம் ‘செட்டி’. தொழிலுக்கு இடும் பணம் ‘மோடால்’. அது நம் ‘முதல்’. கடையோ ‘கெடாய்’. இவற்றோடு ‘கூத்து’ என்னும் சொல்லையும் சேர்க்க வேண்டும். பலர் மாதந்தோறும் பணம் போட்டு, முறைவைத்து ஒருவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டை மலாயில் ‘மாயின் கூத்து’ என்பர். அது ஆடும் கூத்தன்று. நம் ‘கூட்டு’ என்னும் சொல்லே. 1971ஆம் ஆண்டில் இத்தகைய நிதிகளைத் தொழிலாக நடத்துவதைத் தடைசெய்ய நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் பெயரிலேயே ‘கூட்டு’ என்னும் சொல் இடம்பெற்றுள்ளது. ஏமாற்றப்பட்டோர் பலர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அச்சொல் காட்டும் உண்மை ஒன்றுண்டு: தனியே சுமக்க முடியாத பணக்கவலையைப் பலர் கூடிச் சுமக்க முயன்றதன் பெயர் அது.

மளிகைக் கடைகளில் மூன்று ஐந்துகள் அச்சிட்ட அட்டையோடு கூடிய சிறு குறிப்பேடு ஒன்று இருக்கும். ‘பூக்கு தீகா லீமா’ என்று இந்நாட்டார் யாவரும் அறிந்த அதில் வீட்டுக் கடன் நாள்தோறும் ஏறியது. அது ஒரு சுமைதான். எனினும் கண்ணுக்குத் தெரிந்த சுமை. கடைக்காரர்க்கும் வீட்டார்க்கும் தொகை தெரியும். இன்று கடன் கைப்பேசிக்குள் சென்றுவிட்டது. ஒரு பொருளை இப்போது வாங்கிப் பல தவணைகளிற் கட்டும் வசதி, பல்கலைக்கழகம் புகும் முன்னரே மாணவர் கைக்கு எட்டுகிறது. 1997இல் தொடங்கப்பட்ட தேசிய உயர்கல்வி நிதிக் கழகத்தின் கடனோடு பலர் தம் முதல் சம்பளத்தை எதிர்கொள்கின்றனர். முதுமைக்கென வைத்ததும் குறைந்துள்ளது. பெருந்தொற்றுக் காலத்தில் ஊழியர் சேமநிதியிலிருந்து சிறப்பு அனுமதிகளின்கீழ் உறுப்பினர்கள் எடுத்த தொகை ஏறத்தாழ 145 பில்லியன் ரிங்கிட். ‘சேமம்’ என்றால் நலம், காப்பு என்று பொருள். சேமிப்பு என்பது பணத்தைக் குவிப்பதன்று. பணத்தை நினையாமலிருக்கும் நாள்களைச் சேர்த்துவைப்பது என்று இச்சொல்லுக்கு உரை கூறலாம். அந்நாள்கள் பல வீடுகளில் முன்னதாகவே செலவாகிவிட்டன.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? நகரத்தார் கணக்கியலில் ‘ஐந்தொகை’ என்றொரு முறை உண்டு. குறித்த காலத்தில் வரவு, பற்று, கையிருப்பு அனைத்தையும் ஒரே இடத்தில் நிறுத்திப் பார்ப்பது அது. அதனை வீட்டிற்குக் கொணரலாம். மாதத்தில் ஒரு நாளை, ஒரு மணி நேரத்தைக் கணக்கிற்கென்றே ஒதுக்கி, கொடுக்கவேண்டியவற்றையெல்லாம் நாளோடும் தொகையோடும் எழுதுதல் வேண்டும். தனக்கென ஒரு நாள் கிடைக்காத கவலை எல்லா நாள்களையும் எடுத்துக்கொள்ளும். எழுதப்பட்ட தொகை பெரிதாயினும் அதற்கோர் எல்லை உண்டு. எழுதப்படாத தொகைக்கு எல்லையில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. ஆகாறு உண்மையிலேயே போதாத வீட்டிற்குக் கணக்குப் புத்தகம் சோறு போடாது. வறியவரை நோக்கிச் ‘சிக்கனமாயிரு’ என்று சொல்வது எளிது. அவர் நம்மினும் மிகுதியாகவே எண்ணிக்கொண்டிருக்கிறார். அவர்க்கு வேண்டுவது கூலியும் உதவியும். கடன் கைமீறியவர்க்கு, 2006 முதல் பேங்க் நெகாராவின் கீழ் இயங்கும் கடன் ஆலோசனை நிர்வாக நிறுவனமான ஏகேபிகே கட்டணமின்றி ஆலோசனை தருகிறது. தவணைகளைச் சீரமைக்கவும் வழிகாட்டுகிறது. கடும் வட்டிக்காரரிடம் செல்லுமுன் அங்கே செல்லலாம் என்பதைப் பெற்றோர்க்குச் சொல்லும் வாய்ப்பு ஆசிரியர்க்கே மிகுதி.

ஆசிரியப் பெருமக்களே, வகுப்பில் கவனம் சிதறியிருக்கும் மாணவரை உடனே சோம்பேறி என்னாதீர்கள். மாதத்தின் எந்த நாள் அது என்று ஒருமுறை நோக்குங்கள். பேருந்துக் கட்டணமோ தம்பியின் காலணியோ அம்மாணவர் மனத்தில் கிளைவழியாகப் பிரிந்து நிற்கலாம். கணக்குப் பாடத்தில் முதல், வட்டி, தவணை என்னும் சொற்களைச் சூத்திரமாக மட்டும் கற்பிக்காமல், 1,000 ரிங்கிட் கைப்பேசியைத் தவணையில் வாங்கினால் இறுதியில் எவ்வளவு கொடுக்கிறோம் என்று அவர்களையே கணக்கிடச் செய்யுங்கள். மாணவர்களே, வீட்டில் பணப் பேச்சு எழும்போது பெரியவர்கள் குரல் தாழ்த்தினால், அது உங்கள்மேல் கொண்ட சினமன்று, கூச்சம். ‘நாம் எவ்வளவு கொடுக்க வேண்டும், அம்மா?’ என்று நீங்கள் கேட்கலாம். தமிழில் ‘நாம்’ என்னும் சொல் கேட்பவரையும் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். ‘நாங்கள்’ அவரை வெளியே நிறுத்தும். பணத்தைப் பற்றிய பேச்சில் நம் வீடுகளுக்கு இன்று வேண்டுவது முன்னதே.