சாணிக் கணக்கு
(சங்கரன்கோவிலில் பேசியது)



இவ்வூருக்கு ஆடித் தபசுக்கு வரும் ஜனங்கள் புற்றுமண்ணை நெற்றியில் பூசிக்கொண்டு போகிறார்கள். அம்மனுடைய கோமதி என்ற பெயரிலேயே பசு இருக்கிறது. சாணிக்கோ நம் நாட்டில் இருக்கும் மரியாதை கொஞ்சமல்ல. வாசலில் தெளித்தால் சுத்தம். பஞ்சகவ்வியத்தில் கலந்து குடித்தால் பாவம் போகும் என்கிறார்கள். அந்தப் பாவம் எத்தனை ராத்தல், குடித்தபின் எவ்வளவு குறைந்தது என்று நிறுத்துக் காட்டினவர் ஒருவருமில்லை. நாம் இன்று பேசப்போவது நிறுத்துக் காட்டக்கூடிய கணக்கு.

கட்டுத்தறியில் நான்கு மாடு உள்ள வீட்டில் நாளொன்றுக்குச் சுமார் 40 கிலோ சாணி கிடைக்கும். அதில் 32 கிலோ தண்ணீர். காய்ந்த சரக்கு 8 கிலோதான். இதனுடன் 40 கிலோ தண்ணீர் கரைத்து, காற்றுப் புகாத குழியில் விட்டால், கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதைத் தின்று வாயுவாக்குகின்றன. ஒரு கிலோ சாணிக்கு ஏறக்குறைய 40 லிட்டர் வீதம் 1,600 லிட்டர் வாயு வரும். அதன் எடை 1.8 கிலோ! உள்ளே போனது 80 கிலோ. வாயுவாகப் போனது 2 கிலோ கூட இல்லை. மீதி 78 கிலோவும் கரைசலாக வெளியே வருகிறது.

"சத்தெல்லாம் வாயுவாய்ப் போய்விட்டால் வயலுக்கு என்ன மிஞ்சும்?" என்று சம்சாரிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் போவது கரியும் ஹைட்ரஜனும் பிராணவாயுவும். பயிருக்கு வேண்டிய நைட்ரஜன் அநேகமாக முழுவதும் கரைசலிலேயே தங்கிவிடுகிறது. அதே சாணியை வறட்டி தட்டி எரித்தாலோ அந்த நைட்ரஜன் புகையோடு போய்விடும். வயலுக்குச் சாம்பல்தான் மிச்சம்.

நிற்க. வாயுவில் ஐந்தில் மூன்று பங்கு மீதேன். மற்றது பெரும்பாலும் எரியாத கரியமில வாயு. எடையில் பார்த்தால் மீதேன் 0.64 கிலோ, கரியமில வாயு 1.16 கிலோ. மீதேன் எரிய அதன் எடையைப்போல் நான்கு மடங்கு, அதாவது 2.56 கிலோ பிராணவாயு வேண்டும். எரிந்தபின் 1.44 கிலோ நீராவியும், முன்பிருந்ததும் புதிதாக உண்டானதும் சேர்த்து 2.92 கிலோ கரியமில வாயுவும் அடுப்பை விட்டுப் போகின்றன. கூட்டிப் பாருங்கள்: போனதும் 4.36, வந்ததும் 4.36. எந்த மந்திரத்தாலும் இதில் ஒரு குன்றிமணி கூடவோ குறையவோ செய்யாது. ஒரு பங்கு வாயுவுக்கு ஏறக்குறைய ஆறு பங்கு காற்று வேண்டும் என்பதும் இந்தக் கணக்கிலிருந்து வருவதுதான். காற்று குறைந்தால் சுவாலை மஞ்சளாகிப் பாத்திரத்தில் கரி பிடிக்கும்.

இனி வறட்டியின் பக்கத்தையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். அந்த 8 கிலோவை 9 கிலோ வறட்டியாகத் தட்டினால் சுமார் 18,000 கிலோ கலோரி வெப்பம் அதில் இருக்கிறது. வாயுவில் இருப்பதோ 7,500தான். அப்படியானால் வறட்டியல்லவா மேல்? இல்லை. வறட்டி அடுப்பில் நூற்றுக்குப் பதினொரு பங்குதான் பானைக்குச் சேர்கிறது. பாக்கி சுவருக்கும் கூரைக்கும். வாயு அடுப்பில் நூற்றுக்கு அறுபது பங்கு சேர்வதால் சோற்றுக்கு உதவும் வெப்பம் இரண்டு மடங்காகிறது. புகையில் ஊதி ஊதிக் கண் கெடும் பெண்களின் கஷ்டம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஆண்கள் ஊதியிருந்தால் எப்போதோ ஏறியிருக்கும்!

இது ஏதோ நேற்று வந்த அதிசயமல்ல. 1897ஆம் ஆண்டிலேயே பம்பாய் மாதுங்காவில் தொழுநோயாளர் விடுதியில் மனிதக் கழிவிலிருந்து வாயு எடுத்தார்கள். பின்னர் ஜஷ்பாய் பட்டேல் மிதக்கும் இரும்புக் கலம் வைத்த குழியை 1950களில் உருவாக்கினார். 1960களில் கதர் கிராமத் தொழில் கமிஷன் அதைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனது. மலக்குழி வாயுவில் சமைத்தால் தீட்டு என்பவர்கள் இன்றும் உண்டு. மீதேனுக்கு மாடும் தெரியாது, மனிதனும் தெரியாது, ஜாதியும் தெரியாது.

குறையும் உண்டு. இது வானம் பார்த்த பூமி. கோடையில் தினம் 40 லிட்டர் தண்ணீருக்கு எங்கே போவது? மாடு கழுவின தண்ணீரையும், வெளிவரும் கரைசலை வடித்த தெளிவையும் மறுபடி ஊற்றலாம். அதற்கும் வழியில்லாதவர்கள் குழி கட்டாமலிருப்பதே மேல். மாட்டை விற்றபின் வெறுங்குழியாய்க் கிடப்பவற்றை நாம் பல ஊர்களில் பார்த்திருக்கிறோம். வாயுவைக் கசியவும் விடாதீர்கள். எரிக்காத மீதேன், நூறு வருஷக் கணக்கில், அதே எடைக் கரியமில வாயுவைவிட இருபத்தைந்து மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். குழாய் மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசியாக ஒன்று. குழி அடைத்துக்கொண்டால் ஒரு ஏழையைக் கூப்பிட்டு, "இறங்கி வாருடா" என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. உள்ளே பிராணவாயு இருக்காது. அழுகின முட்டை நாற்றமுள்ள விஷவாயு இருக்கும். இறங்கினவனும், அவனைத் தூக்கப் போனவனும் சேர்ந்து சாவார்கள். மலக்குழியில் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013ஆம் வருஷத்துச் சட்டமே குற்றமாக்கியிருக்கிறது. சாணிக்குழி ஆனாலும் சாவு ஒன்றுதான். மூடியைத் திறந்து, நெருப்பை அண்டவிடாமல், வெளியே நின்று நீண்ட கழியால் கிளறுங்கள். இல்லாவிட்டால் பம்பு வைத்து இறையுங்கள்.